எழுபத்து மூணும் அறுபத்தேழும்

என் தம்பி பெண்டாட்டியை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. எழுபத்து மூணு என்றுதான் கூப்பிடுவேன். தம்பிக்கு அறுபத்தேழு. கடைக்கு வருகிறவர்கள் ஏதோ வயதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர், அந்தம்மாவைப் பார்த்தால் நாற்பதுகூடத் தெரியவில்லையே என்று வாயைப் பிளந்தார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர் எதற்காக வந்தார் என்பதையே மறந்துவிடுவார் என்று சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பிரதி எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். தம்பியும் அவளும் எதிர்க் கட்டடத்தில் வேலை பார்த்தார்கள். அவன் இரண்டாம் மாடி, அவள் நான்காம் மாடி. இருவருக்கும் ஒரே கேள்விதான்: இந்தப் பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது? விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டே இருக்கின்றன. தள்ளி இருப்பது இன்னும் வேகமாக விலகுகிறது. கிட்டத்தட்ட முப்பத்து மூன்று லட்சம் ஒளியாண்டு தொலைவு கூடினால் விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம் கூடும் என்று அதற்கு ஒரு எண் உண்டு. தம்பி கட்சிக்கு அந்த எண் அறுபத்தேழு. அவள் கட்சிக்கு எழுபத்து மூன்று. ஆறுதானே வித்தியாசம், நடுவில் எழுபது என்று பேசி முடித்துக்கொள்ளக் கூடாதா என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். அவர்கள் ஒற்றுமையாக ஒன்றைச் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு தம்பி என் கடைக் காகிதத்தை வைத்தே எனக்குப் புரியவைத்தான். காலையில் இயந்திரத்தில் இத்தனை கட்டு வைத்தாய், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ஓடும், அப்படியானால் இப்போது மிச்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவன் வழி. பிரபஞ்சம் உண்டான புதிதில் கிளம்பிய வெளிச்சத்தின் மிச்சம் இன்றும் நாலா பக்கமும் பரவிக் கிடக்கிறதாம். அதை அளந்து, அன்று அப்படி இருந்தது இன்று இப்படித்தான் ஆகியிருக்கும் என்பார்கள் அவன் ஆட்கள். அவள் வழி, தட்டை இழுத்துத் திறந்து தாளை எண்ணுவது. விட்டு விட்டுத் துடிக்கும் ஒருவகை விண்மீன்கள் இருக்கின்றன. அவை உண்மையில் எவ்வளவு பிரகாசம், இங்கிருந்து எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்று பார்த்துத் தொலைவைப் பிடிப்பார்கள். அதிலிருந்து இன்னும் தொலைவு, அதிலிருந்து இன்னும் தொலைவு என்று படிப்படியாக ஏறுவார்கள்.

இரண்டு வழியும் ஒரே விடையைத் தர வேண்டும். தரவில்லை. அப்படியானால் ஒருவர் தப்பாக எண்ணியிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் சரியாகத்தான் எண்ணினார்கள், நடுவில் நமக்குத் தெரியாமல் யாரோ காகிதத்தில் கைவைத்திருக்கிறார்கள். இதில் எது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று தம்பி சொன்னபோது, இதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அவள் கட்சிக் குழுவில் அவளுக்கு என்று ஒரு தனி வேலை இருந்தது. தொலைதூரத்து விண்மீன் மண்டலத்தைப் படம் எடுத்தால் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு தெரியும். ஒரு புள்ளி என்று நினைப்பது சமயத்தில் இரண்டாக இருக்கும். இரண்டின் வெளிச்சமும் சேர்ந்து ஒரே விண்மீன் போல ஏமாற்றும். அதை ஒன்று என்று எடுத்துக்கொண்டால் தொலைவு தப்பும், தொலைவு தப்பினால் மேலே உள்ள படிகள் அத்தனையும் சரியும். எது ஒன்று, எது இரண்டு என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் வேலை. கணினி செய்கிறதுதான். கணினி திணறுகிற இடத்தில் இவளைக் கூப்பிடுவார்கள். என் கடை மேசையில் யாராவது படத்தை அச்சடிக்க விரித்து வைத்தால், தேநீர் குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "இது ஒண்ணு இல்ல" என்பாள். அவளுக்குக் கண்ணா, கத்தியா என்று இருக்கும்.

அந்தக் குழுவில் இன்னொரு பழக்கமும் உண்டு. திரை போடுவது என்பார்கள். வேலை தொடங்கும்போதே ஒருவர் ஏதோ ஒரு எண்ணைத் தன் மனதில் எடுத்து, எல்லா அளவிலும் கலந்துவிடுவார். மற்றவர்களுக்கு அது தெரியாது. ஆகவே வேலை முடிகிற வரை உண்மையான விடை யார் கண்ணுக்கும் படாது. சோதனை எல்லாம் முடிந்த பிறகு எல்லாரும் ஒரு அறையில் கூடி, இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று வாயால் சொல்லிவிட்டு, கலந்த எண்ணைக் கழித்துத் திரையை எடுப்பார்கள். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். மனுஷப் புத்தி அப்படி, அண்ணி என்றாள். பிடிக்காத எண் வந்தால் தப்பு எங்கே என்று தோண்டித் தோண்டித் தேடுவோம், பிடித்த எண் வந்தால் தேடுவதை நிறுத்திவிடுவோம் என்றாள். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

வீட்டில் அவர்கள் சண்டை ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனால் தட்டுக்கு முன் அதுதான் வரும். அவள் குழு ஏதாவது அறிவித்தால் தம்பி கதவைத் திறக்கும்போதே, எங்கே தப்பு பண்ணினே என்று கேட்பான். அவளும் சளைக்க மாட்டாள். கணக்கைச் சொல்லாதீங்க, அளந்தது என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க என்று மல்லுக்கு நிற்பாள். குழந்தை இல்லாத வீடு. ஆனால் அந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவே இருந்ததில்லை. நடுவே மூன்றாவதாக வேறு ஒரு கூட்டம் வேறு வகை விண்மீனை வைத்து அளந்தது. அது இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேரும் அது தங்கள் பக்கம்தான் என்றார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தம்பி ஒரு நாள் மாடிப்படியில் வழுக்கி விழுந்தான். விலாவில் அடி. படம் எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது, ஆறு மில்லிமீட்டர். சில மாதம் கழித்து மறுபடி எடுத்ததில் துளி கூடியிருந்தது. மெதுவாக வளர்கிற வகை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார் மருத்துவர். அடுத்த வருடம் அங்கே இயந்திரம் பழுது என்று, பழைய படங்கள் இல்லாமலே வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பதினான்கு என்று வந்தது. மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. உடனே ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு போயிருப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூடப் போயிருப்பார்கள். என் தம்பி நேராக என் கடைக்கு வந்து, வீணாகப் போன ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, கணக்குப் போட உட்கார்ந்தான்.

"முதல் ரெண்டு அளவையும் வெச்சுப் பாத்தா இப்ப எட்டுதான் இருக்கணும். பதினாலு வர வழியே இல்ல."

இயந்திரம் வேறு என்றான். அங்கே படத்தைத் தடிமனான துண்டுகளாக எடுக்கிறார்கள், மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தேன் என்பதைப் பொறுத்தும் மாறும் என்றான். சொன்னதெல்லாம் உண்மைதான், பிறகு விசாரித்துப் பார்த்தேன். அவன் குரலில் பயமே இல்லை. மாநாட்டில் தன் ஆய்வுச் சுவரொட்டியின் முன் நின்று பேசுவது போலத்தான் பேசினான்.

அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அளந்தது என்ன சொல்லுதுன்னு பாருங்க என்று பாயப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"உங்க கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அவள் அவனிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டீர்களா என்று கேலி செய்தேன். தம்பிக்கு வாயெல்லாம் பல்.

அதற்கு மேல் அவர்கள் செய்தது, அந்தக் கட்டடத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். மூன்றாவதாக ஒரு இடத்தில் அளக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது மாறியிருக்கிறது என்று தெரியும் என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொன்னார். இவள் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு போகவில்லை. பழைய எண்ணைப் பார்த்தால் படம் படிக்கிறவரின் கண் அந்த எண்ணைத் தேடிப் போகும், ஒன்றும் தெரியாமல் அவர் புதிதாகப் பார்க்கட்டும் என்றாள். திரை போட்டாள். அந்த மனிதர் தன் முன்னால் இருந்த ஒரே படத்தை மட்டும் பார்த்து, அதில் தெரிந்ததை அளந்து, பதினொன்று என்று எழுதிக் கொடுத்தார். எட்டுக்கும் பதினான்குக்கும் நட்டநடுவில். வானத்தில் நடந்த அதே கூத்து.

மூன்று எண் மூன்று விதமாக இருக்கிறது, அளவையே நம்ப முடியாதபோது உடம்பில் ஊசியை விடுவானேன் என்றான் தம்பி. அரை வருடம் பொறுத்து, முதலில் எடுத்த அதே இயந்திரத்தில் மறுபடி எடுக்கலாம் என்றான். மருத்துவர் தொலைபேசியில் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் அவள்தான் பேசினாள். அளவுகள் ஒத்துப் போகவில்லை என்று அமைதியாக விளக்கினாள். படங்கள் இருந்த பெரிய உறை அவர்கள் அலமாரியின் மேல் கிடந்தது. யார் படம் கிடைத்தாலும் விட்டுவைக்காதவள், அந்த உறையைத் திறக்கவே இல்லை.

அரை வருடம் முடியும் முன்பே முதுகில் வலி என்றான். நாற்காலி சரியில்லை என்று நாற்காலியை மாற்றினார்கள். பிறகு ஒரு காலை அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

பெரிய மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர் எல்லாப் படங்களையும் வெளிச்சப் பலகையில் வரிசையாக மாட்டினார். அதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பழைய புள்ளி அப்படியேதான் இருக்கிறது என்றார், எட்டைத் தாண்டவில்லை. அதை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது, அதுதான் இப்போது முதுகெலும்பு வரை போயிருக்கிறது என்றார். பதினான்கு என்று எழுதியவர் இரண்டையும் சேர்த்து அளந்துவிட்டார். பதினொன்று என்று எழுதியவர் அதையே வேறு சாய்வில் அளந்திருக்கிறார். பழைய படம் பக்கத்தில் இல்லாததால் அது இரண்டு என்று இருவருக்கும் தோன்றவில்லை. நான் அவரைத் தனியாகப் பிடித்து, அன்றைக்கே வந்திருந்தால் என்று கேட்டேன். அப்போது வெட்டி எடுக்கிற அளவில்தான் இருந்தது என்றார்.

மறுநாள் மதியம் நான் அவன் கட்டிலருகே பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். பதினான்கு என்று வந்த அந்தப் படத்தை உறையிலிருந்து எடுக்கச் சொன்னான் தம்பி. எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னான். அவள் படத்தைப் பிடித்தாள், கண்ணை மட்டும் வேறு எங்கோ வைத்திருந்தாள்.

"பாரு. எத்தனை?"

பார்த்தாள். "ரெண்டு."

"தெரிய எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பாத்த உடனே."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப ரெண்டு கட்சியும் சரி. என் எட்டும் சரி, அவங்க பதினாலும் சரி. நடுவுல புதுசா ஒண்ணு வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றான். ஏதோ பரிசு வாங்கியவன் போலச் சொன்னான். பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. "நீ ஏன் பாக்கலை?" என்று கேட்டான்.

அவள் படத்தை மறுபடி உறைக்குள் வைத்தாள்.

"உங்க எண்ணு எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள்.

தம்பி கையை நீட்டினான், அவள் வந்து பிடித்துக்கொண்டாள். நான் நறுக்கிய பழத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நடைபாதையில் உட்கார்ந்தேன். வாய்விட்டு அழக்கூட அங்கே இடம் இல்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவன் போய்விட்டான். கடைசி வாரம் அவனுக்கு எண்கள் எதுவும் நினைவில் இல்லை. என்னை மட்டும் அக்கா என்று கூப்பிட்டான்.

அவள்மேல் எனக்கு ஆத்திரம். ஊரில் எல்லாரும், படித்தவள், பாவம், அவளுக்கும்தானே இழப்பு என்றார்கள். இருக்கட்டும். படம் அலமாரி மேல் கிடந்ததே! எட்டாத உயரமா? உலகத்தில் எத்தனையோ பேருக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. புரிகிற கண் அந்த ஒரு வீட்டில் இருந்தது. வானத்தில் எவனோ எங்கேயோ வைத்த புள்ளியைப் பிரிக்கத் தெரிந்தவளுக்குக் கட்டிய புருஷன் நெஞ்சில் இருந்த புள்ளியைப் பார்க்கத் தோன்றவில்லை. இதைப் பலமுறை மனதுக்குள் அவளிடம் கேட்டுவிட்டேன். வாயால் கேட்கவில்லை. அவள் கடைக்கு வந்தால் எத்தனை பிரதி, என்ன அளவு தாள் என்று கேட்பேன். எழுபத்து மூணு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அவள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள்? முன்பைவிட அதிக நேரம் அங்கேயே கிடந்தாள். இளைத்து, காதோரம் முழுக்க நரைத்து, சாப்பிட்டாளா இல்லையா என்று தெரியாத முகத்தோடு மதியம் சாலையைக் கடப்பாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன மாதம் அவள் குழு திரையை எடுத்தது. மூன்று வருட வேலை. சாயங்காலம் அவளே சுவரொட்டியை அச்சடிக்கக் கொண்டுவந்தாள். மாநாட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். பெரிய இயந்திரத்தில் தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. நடுவில் கொட்டை எழுத்தில் அந்த எண். மறுபடியும் எழுபத்து மூன்றுதான். பேசக் கூடாது என்று இருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உன் கட்சி ஜெயித்துவிட்டதா என்று கேட்டேன்.

யாரும் ஜெயிக்கவில்லை, எதிர்க் கட்சி எண்ணும் அப்படியே நிற்கிறது, இன்னும் அழுத்தமாகவே நிற்கிறது என்றாள். நடுவில் நடந்தது என்ன என்பது யாருக்கும் தெரியவில்லை என்றாள். அறையில் எல்லாரும் கைதட்டினார்களாம். அவளும் தட்டினாளாம்.

தாள் முழுவதும் வந்துவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றாள்.

"இந்த மாதிரி நாள்ல வீட்டுக்குப் போனா அவர் ஒண்ணு கேப்பார், அண்ணி. எங்க தப்பு பண்ணினேன்னு."

நான் சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"குழுவுல யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் பிடிச்ச எண்ணு. நீங்க கேளுங்க."

எத்தனை மாதமாக என் தொண்டையில் நின்ற கேள்வி அது. அவள் எதைக் கேட்கச் சொல்கிறாள் என்று எனக்கும் தெரியும், நான் எதைக் கேட்கப் போகிறேன் என்று அவளுக்கும் தெரியும். இயந்திரத்தை நிறுத்தினேன். கடைக்குள் திடீரென்று அமைதியாகிவிட்டது.

"எங்க தப்பு பண்ணினே?" என்றேன்.

அவள் முதல் படியிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்தில் உள்ள விண்மீன்களின் தொலைவை எப்படிச் சரிபார்த்தார்கள், நடுவில் உள்ள தூசி வெளிச்சத்தை எவ்வளவு மங்கச் செய்யும், அதை எப்படிக் கழித்தார்கள் என்று சொன்னாள். தம்பியிடம் சொல்வது போல, ஒவ்வொன்றிலும் அவன் எங்கே மடக்குவான் என்று எதிர்பார்த்து நின்று நின்று சொன்னாள். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் தலையாட்டவில்லை. தலையாட்டினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது.

"அடுத்தது என் வேலை. படத்துல ஒரு புள்ளியா தெரியறது..." என்று தொடங்கினாள். "ஒரு புள்ளியா தெரியறது ஒண்ணுதானான்னு பாக்கணும்."

அங்கே நின்றுவிட்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விட்டுவிடலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. என் தம்பி விட்டிருக்க மாட்டான்.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன், அண்ணி" என்றாள். "இதுல எல்லாத்தையும் பாத்தேன்."